அக்காளின் முழங்காலுக்கு வயது பார்த்த ஊர்

ஹைதராபாத்துக்கு நான் போனது ஊர் பார்க்க இல்லை. என் அக்காளை அவள் வீட்டிலிருந்து கிளப்புவதற்காக என்னை வரவழைத்தார்கள். வரவழைத்தவன் அக்காள் மகன் ஜெபராஜ். "மாமா, நீங்க சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க" என்று போனில் சொன்னான். எனக்கு வயது அறுபத்தெட்டு. இத்தனை காலத்தில் நான் சொல்லி அக்காள் கேட்ட ஒரு விஷயம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் புகழ்ந்து பேசினால் நான் மயங்கிவிடுவேன். பெட்டியைக் கட்டினேன்.

எஸ்தர் அக்காளுக்கு எழுபத்துநாலு. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அத்தானைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அத்தான் ஓய்வு பெற்றபோது லோத்குண்டாவில் ஒரு வீட்டின் மாடியை மட்டும் வாங்கினார். கீழே வேறு குடும்பம். மாடி ஜன்னலைத் திறந்தால் மதிலுக்கு அப்பால் ராணுவ நிலம், மரங்கள், நல்ல காற்று. அத்தான் போன பிறகும் அக்காள் தனியாக அங்கேதான் இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்த மாடிப்படிதான் வீட்டில் எல்லாருக்கும் பேச்சு. படி ஏற முடியாவிட்டால் அவள் ஹப்சிகுடாவில் மகனுடைய ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது மகன் கட்சி. போகமாட்டேன் என்பது அவள் கட்சி.

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியதும் அந்த ஊரின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. ஆட்டோக்காரர் என்னிடம் இந்தியில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், அவர் தெலுங்கில் அலுத்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் மேம்பாலம். பாலத்துக்கு மேலே மெட்ரோ. அதற்கும் மேலே விளம்பரப் பலகையில் ஒரு டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். பலகைக்குப் பலகை முழங்கால்தான். எங்கள் ஊரில் இந்த அளவுக்கு நகைக்கடை விளம்பரம்தான் இருக்கும். இங்கே நகை போட்டுக்கொள்ளும் வயதைத் தாண்டி எல்லாரும் மூட்டுக்கு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் நாள் ஜெபராஜ் வீட்டில் காலை உணவு. இட்லி இருந்தது. கூடவே வெல்லம் போட்ட இஞ்சிச் சட்னி. சாம்பாரும் தித்தித்தது. அவன் மனைவி சுனிதா தெலுங்குப் பெண், நல்ல பெண், ஆசையாகத்தான் பரிமாறினாள். நான் தூத்துக்குடியிலிருந்து வாங்கிப் போன மக்ரூன் ரயில் ஆட்டத்தில் பொடியாகிவிட்டதால் எனக்கும் பெரிதாகப் பெருமை அடித்துக்கொள்ள வழியில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அக்காளுக்கென்று ஒதுக்கியிருந்த அறையைக் காட்டினார்கள். அதில் ஓடுகிற எந்திரம் ஒன்று நின்றது. அதன்மேல் யாரும் ஓடிய அடையாளம் இல்லை, ஈரத் துண்டுகள்தான் தொங்கின. ஜன்னலைத் திறந்தேன். எதிர் ஃபிளாட்டின் குளியலறைக் கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"லிஃப்ட் இருக்கு மாமா. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு. இன்னும் என்ன வேணும்?" என்றான் ஜெபராஜ்.

அவனுக்கு ஐம்பத்தொன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை. மனிதர்களின் வயதைப் பார்த்து ஆபத்தைக் கணக்குப் போடுவதுதான் அவன் பிழைப்பு. பெற்ற தாயையும் அப்படியே பார்த்துவிட்டான்.

மறுநாள் லோத்குண்டா. நான் கேட்டைத் திறந்தபோது அக்காள் பால் வாங்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக இறங்கினாள். கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியா சாமு. என்னையக் கிளப்பத்தான வந்திருக்க?"

"உன்னையப் பாக்க வந்தேன்."

"பாத்துட்டல்லா. இனி மேல வா, காப்பி போடுதேன்."

காப்பி குடிக்கும்போது என் முன்னால் காலை நீட்டி, முழங்காலின் உட்பக்கத்தில் ஒற்றை விரலை வைத்தாள். "இந்த ஒரு எடந்தான். வேற எங்க அமுக்கினாலும் வலிக்காது. படுத்தா வலி இல்ல, உக்காந்தா இல்ல. நின்னா, ஏறினா, இறங்கினா உயிரு போவுது. மூணு எடத்துல எக்ஸ்ரே எடுத்தாச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருக்குங்காவ. வயசு வலியாம்."

"வயசானா வலிக்கத்தான செய்யும்?"

"வலது காலுக்கும் அதே வயசுதான சாமு. அது ஏன் வலிக்கல?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். காப்பி நன்றாக இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்தேன்.

அவளே ஒரு டாக்டரை விசாரித்து வைத்திருந்தாள். முழு மூட்டையும் மாற்றாமல் தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுகிற ஆபரேஷனாம், பார்ஷியல் என்று பெயராம். என்னைத் துணைக்கு வரச் சொன்னாள். கிளப்ப வந்தவன் துணைக்குப் போகிறவனாக ஆனேன். ஜெபராஜுக்கு இது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனோம். அக்காள் வாசலில் கால் வைத்ததும் நாலு பேர் நாற்காலி தேடி ஓடினார்கள். அந்தச் சபையில் எழுபதைத் தாண்டிய யாரையும் நிற்க விடமாட்டார்கள். பாட்டுக்கு எல்லாரும் எழும்பும்போது அக்காளும் எழும்பப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தது.

ஆராதனை முடிந்து டீ கொடுக்கும்போது ஆபரேஷன் விஷயம் வெளியே வந்தது. எல்லாரிடமும் ஆளுக்கு ஒரு எண் இருந்தது. ஒருவர் அறுபதுக்கு முன்னால் செய்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். இன்னொருவர் எழுபதுக்கு மேல் செய்தால் எலும்பில் ஒட்டாது என்றார். இடைப்பட்ட பத்து வருடத்தில் வண்டியைப் பிடிக்காதவர்கள் வாழ்நாள் முழுக்கப் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும் போல. பூர்வீகம் திசையன்விளைப் பக்கம் என்றாலும் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று அந்த ஊர் உருதைக் கலந்து, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"நக்கோ சிஸ்டர், நக்கோ. இந்த வயசுல கத்தி கைக்கு? பேசாம மகன் வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ணுங்க."

"அங்க உக்காந்து செய்யுத ஜெபத்த என் வீட்டுல உக்காந்து செய்யக்கூடாதா?" என்றாள் அக்காள்.

அவர் என் பக்கம் திரும்பி, "ஊர்ல மழை உண்டா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. ஜெபராஜ் நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்றிருந்தான். வாடகைக் கார் ஒன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனது. இன்னொன்று வந்து, டிரைவர் பாதி வழியில் டீ குடிக்க இறங்கினார். ஏனப்பா என்றதற்கு, "பெரியவங்க இருக்காங்க, மெதுவாப் போலாம்னு பாத்தேன்" என்று இந்தியில் சொன்னதாக அக்காள் சொன்னாள். அங்கே சோம்பலுக்குக்கூட மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அது எனக்குக் கொஞ்சம் இளக்காரமாக இருந்தது. அவர் அக்காளின் காலை மடக்கினார், நீட்டினார், பக்கவாட்டில் அசைத்தார், ஒற்றை விரல் வைத்துக் காட்டிய இடத்தைத் தானும் அமுக்கிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே உறைகளை வாங்கி ஒவ்வொன்றாக விளக்குக்கு முன்னால் மாட்டினார். மூன்றையும் பார்த்துவிட்டு ஜெபராஜிடம் கேட்டார்.

"இதெல்லாம் படுக்க வைத்து எடுத்ததா?"

ஜெபராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர்கள் தெலுங்கில் பேசியதை அக்காள் எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்று இடத்திலும் நிற்கச் சொன்னார்களாம். வயதானவர்களை எப்படி நிற்க வைப்பீர்கள் என்று இவன் சண்டை போட்டானாம். ஓரிடத்தில் மேனேஜரையே கூப்பிட்டுப் பேசினானாம். "படுக்க வச்சுத்தான் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னிருக்கான் சாமு" என்றாள் அக்காள். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாராட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

டாக்டரம்மா மூன்று படங்களையும் கழற்றி உறையில் போட்டார். பிறகு எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "படுத்திருக்கும்போது மூட்டின்மேல் பாரம் இல்லை. குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தாலும் எலும்புக்கு நடுவே இடைவெளி இருக்கிற மாதிரித்தான் படத்தில் தெரியும். நிற்கும்போதுதானே இவர்களுக்கு வலிக்கிறது? வலிக்கிற நிலையில்தானே படம் எடுக்க வேண்டும்?"

உடனே அக்காளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அந்த அறை வாசலில்கூட ஜெபராஜ் ஒரு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் வந்தது. முழங்காலின் உட்பக்கத்தில் எலும்பு எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. வெளிப்பக்கம் இடைவெளி அருமையாக இருந்தது. டாக்டர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடமாக இந்தப் பெண்பிள்ளை பின்பக்கமாகப் படி இறங்கியிருக்கிறாள். மகன் அவளுக்குக் காட்டிய மரியாதைதான் அதற்குக் காரணம். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்டூலைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"டாக்டர், ஆனா செவன்ட்டி ஃபோர்" என்றான் ஜெபராஜ், விடாமல்.

"வயசும் நான் பார்க்கிற விஷயங்களில் ஒன்று. முதல் விஷயம் இல்லை" என்றார் டாக்டர். தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதா, மூட்டை இழுத்துப் பிடிக்கிற நார்கள் உறுதியாக இருக்கின்றனவா, கால் நேராகிறதா, இதைத்தான் முதலில் பார்ப்பாராம். பிறகு இதயம், சர்க்கரை. முன்பெல்லாம் அறுபதுக்குக் கீழே பார்ஷியல் கூடாது என்று கண்டிப்பாக இருந்தார்களாம், இப்போது அப்படி இல்லையாம். இளவயதுக்காரர்களுக்கும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அவர்கள் அதிகம் ஓடியாடுவார்கள், இன்னும் நெடுநாள் இருப்பார்கள், அதனால் என்றாவது ஒரு நாள் மறுபடி செய்ய வேண்டி வரலாம். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு தடவையே போதும். முழு மூட்டு மாற்றுவதைவிட இதில் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். "பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வயது கூடினால் மற்ற உறுப்புகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

"அப்ப எனக்கு ரெண்டாவது தடவை வராது?" என்று அக்காள் கேட்டாள்.

"வர வாய்ப்புக் குறைவு அம்மா."

"இந்த வயசுல அதாவது ஆதாயமாச்சே" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் குஷாய்குடாவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அங்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நாற்பதுகளிலேயே பார்ஷியல் செய்துகொண்டாராம். ஷிப்டுக்குப் போனார், ஷட்டில் ஆடினார், திருப்பதி மலை ஏறினார், இப்போது மூட்டு தளர்ந்து முழுசாக மாற்ற வந்திருக்கிறார். ஜெபராஜுக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா மாமா" என்று என் காதில் கிசுகிசுத்தான்.

அக்காள் அவரிடம் தெலுங்கில் கேட்டாள். அவர் சொன்னதை ஜெபராஜே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "வருத்தமெல்லாம் இல்லையாம். அப்ப செய்யலைன்னா பிள்ளைங்க படிக்கிற காலத்துல வீட்டுல முடங்கியிருப்பாராம். அந்த வருஷமெல்லாம் நடந்தே கழிச்சாராம். இனி ஒரு தடவை செஞ்சா என்னங்கறார்."

"கேட்டியா?" என்றாள் அக்காள்.

"கேட்டுட்டேன்" என்றான் அவன், வேண்டா வெறுப்பாக.

இதயம் நன்றாக இருந்தது. சர்க்கரை கொஞ்சம் மேலே இருந்ததைக் கீழே கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் அன்று நான் கேன்டீனில் பெசரட்டு என்ற பச்சைத் தோசையைத் தின்றேன். பரவாயில்லை. அதற்குள்ளே உப்புமாவை வைத்துத் தருகிறார்கள், அதை மன்னிக்க முடியாது. ஜெபராஜ் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அம்மா என்றால் உயிர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பிசியோதெரபி பெண் வந்து அக்காளை எழுப்பி நிற்கச் சொன்னாள். ஜெபராஜ் குறுக்கே போய் நின்றான். "இன்னைக்கா? ஆர் யூ மேட்? வீல்சேர் கொண்டு வாங்க." அந்தப் பெண் அசரவில்லை, அக்காளும் அசரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் வெளுத்தது, பல்லைக் கடித்தாள். நாலு எட்டு வைத்தாள்.

"எப்படி இருக்கு அக்கா?"

"வெட்டின வலி இருக்கு. பழைய வலிய காணோம்."

பார்க்க வந்தவர்கள் நோயாளிக்குப் பிரியாணி கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் பிரசவத்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். அதை நானும் இரண்டு நாள் சாப்பிட்டேன். எங்கள் ஊர்ச் சீரகச் சம்பாப் பிரியாணிக்கு இது உறை போடக் காணாது என்று மனதார நம்பிக்கொண்டே சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன்பு ஆஸ்பத்திரிப் படியிலேயே ஏறி இறங்கப் பழக்கினார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். அக்காள் முன்பக்கமாக இறங்கினாள். "லோத்குண்டா படி இத விட அகலம்" என்று டாக்டரிடம் பொய் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் அன்று கார் லோத்குண்டா பக்கம் திரும்பவில்லை. ஹப்சிகுடாவுக்குப் போனது. ஒரு வாரம் மகன் வீட்டில் இருந்து புண் ஆறட்டும் என்றுதான் அக்காள் நினைத்தாள், நானும் நினைத்தேன். அறைக் கதவைத் திறந்தால் அந்த ஓடுகிற எந்திரத்தைச் சுற்றி அவளுடைய பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அடுப்பு, கிரைண்டர், அத்தானின் போட்டோ, துணி பீரோ, எல்லாம் வந்துவிட்டன. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது இவன் ஆள் வைத்து மாடியைக் காலி செய்திருக்கிறான்.

"சர்ப்ரைஸ் அம்மா. எல்லாம் உங்க பழைய பொருள்தான். ஒண்ணுகூட விடல" என்றான்.

அக்காள் கட்டிலில் உட்கார்ந்தாள். அத்தான் போட்டோவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று வருடம் வலியோடு காத்த வீட்டை, வலி விட்ட வாரத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நீ செஞ்சது அநியாயம்லே" என்று நான் ஜெபராஜிடம் பால்கனியில் வைத்துச் சொன்னேன்.

"விழுந்துட்டா யார் மாமா பாக்கறது? எனக்குத் தூக்கம் வரதில்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. திட்ட வந்தவன் பாதித் திட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

தையல் ஆறும்வரை அக்காள் அங்கே இருந்தாள். சொன்ன பயிற்சியெல்லாம் செய்தாள். இஞ்சிச் சட்னியையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். யாரும் எழுந்து வந்து நாற்காலி போடுவதற்குள் அடுக்களைக்கும் ஹாலுக்குமாக நடந்தாள். ஜெபராஜ் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான், ஓடுகிற எந்திரத்தை விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்டான். டாக்டர் மறுபடி பார்த்து, படி ஏறலாம், கைப்பிடியை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பிய அன்று, சாப்பாட்டு மேஜையில் அக்காள் பேசினாள்.

"நாளைக்கு லீவு போடுலே."

"எதுக்கும்மா?"

"சாமான் எல்லாத்தையும் இறக்கினல்லா. ஏத்தணும்."

சுனிதா தலையைக் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். ஜெபராஜ் வயது என்று ஆரம்பித்தான். அக்காள் கையைக் காட்டி நிறுத்தினாள். "என் காலு என் வீட்டுப் படி ஏறத்தான் செஞ்சுக்கிட்டேன். உன் லிஃப்ட்ல போவ ரிப்பேர் பண்ணாத காலே போதும். விழுந்தா விழுவேன், உனக்குப் போன் பண்ணுதேன், நீ வந்து தூக்கு. ஹவ்?"

"ஹவ்" என்று அந்த ஊர்ப் பேச்சில் சரி சொன்னான் அவன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

மறுநாள் காலையில் ஒரு டிராலி ஆட்டோ வைத்து எல்லாம் லோத்குண்டா போய்ச் சேர்ந்தது. சுமை தூக்க வருகிறோம் என்றவர்கள் அந்த ஊர் வழக்கப்படி வரவில்லை. டிரைவர் பீரோவை மட்டும் சுனிதாவுடைய தம்பியோடு சேர்ந்து ஏற்றிவிட்டு, அடுத்த சவாரி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மீதிக்கு நாங்கள்தான்.

அக்காள் முதலில் ஏறினாள். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் தடி. நல்ல காலை வைத்தாள், மற்றக் காலைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்த்தாள். ஜெபராஜ் பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனான். ஒரு படியில் நின்று, "காத்து வரலலே, விலகு" என்றாள். அவன் விலகினான். மெதுவாகத்தான் ஏறினாள், ஆனால் எங்கேயும் உட்காரவில்லை. மேலே போய்க் கதவைத் திறந்து, உள்ளே போய் ஜன்னலையும் திறந்துவிட்டு, திரும்ப வந்து படி முகப்பில் நின்றாள்.

ஜெபராஜ் கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறினான். நான் பின்னால் பாத்திர மூட்டையோடு. பாதிப் படியில் அவன் நின்றுவிட்டான். எனக்கும் நெஞ்சு அடைத்தது. கல்லைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

மேலேயிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"அவசரப்படாத மக்கா. அம்பது தாண்டிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும். வேணும்னா அதுலயே கொஞ்சம் உக்காரு."